போக்கியமும் குத்தகையும் ஒன்றல்ல: கூட்டு அகராதியில் சட்ட, நிதிச் சொற்களுக்குப் பொருள் எழுதும் முறை

"போக்கியம்: குத்தகை."

விக்சனரி போலப் பலர் கூடி எழுதும் அகராதிக்குப் புதிதாக வருபவர் எழுதும் சட்டச் சொல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் குறை தெரியாது. இரண்டிலும் ஒருவருடைய வீட்டிலோ நிலத்திலோ இன்னொருவர் இருந்து அனுபவிக்கிறார். ஆனால் போக்கியத்தில் சொத்து ஒரு கடனுக்கு ஈடாக நிற்கிறது. குத்தகையில் கடன் என்பதே இல்லை. போக்கியக்காரர் கொடுத்த பணம் அவருக்குத் திரும்பி வர வேண்டிய அசல். குத்தகைக்காரர் கொடுத்த பணம் அனுபவிப்பதற்கான விலை, திரும்பி வராது. சட்டத்திலும் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன: 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் முன்னது பிரிவு 58, பின்னது பிரிவு 105.

ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை எழுதிவிட்டு நகர்வது அன்றாடச் சொற்களில் பாதிக் குற்றம், சட்டச் சொற்களில் முழுக் குற்றம். பத்திரம் எழுதப் போகிறவரும் வங்கிக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவரும்தான் இத்தகைய பக்கங்களைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும்படி எழுதும் வழி இது.

எழுதும் முன்: எந்தத் துறை, எந்த நாடு

சொல்லை முதலில் பொருள் பொருளாகப் பிரியுங்கள். "பத்திரம்" என்பதை எடுத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் அது சொத்து ஆவணம் (கிரயப் பத்திரம்). முத்திரைத்தாளையும் மக்கள் பத்திரம் என்கிறார்கள். நிதித்துறையில் அரசோ நிறுவனமோ கடன் வாங்க வெளியிடும் கடன் பத்திரம். பேச்சில் "பத்திரமாகப் போய் வா" என்பது வேறு. நான்கையும் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு அடுக்கினால் படிப்பவருக்கு எது எங்கே என்று விளங்காது. ஒவ்வொன்றும் தனி எண்ணில் வரட்டும். விக்கி நிரலில் வரியின் தொடக்கத்தில் # இட்டால் எண் தானாக விழும். அதன் கீழ் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு #: போதும். ஒவ்வொரு எண்ணின் முதலிலும் அடைப்புக்குறிக்குள் துறையையும் நாட்டையும் குறியுங்கள்: (சட்டம், இந்தியா), (கணக்கியல்), (சட்டம், இலங்கை).

நாட்டுக் குறிப்பு அலங்காரம் அல்ல. "உயர் நீதிமன்றம்" என்பது இந்தியாவில் மாநில அளவிலான நீதிமன்றம். அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இலங்கையிலோ உயர் நீதிமன்றம்தான் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றமும் மேல் நீதிமன்றங்களும் வருகின்றன. நாட்டைக் குறிக்காமல் எழுதிய பொருள் ஒரு நாட்டு வாசகருக்குச் சரியாகவும் மற்ற நாட்டவருக்குத் தலைகீழாகவும் இருக்கும். இந்திய அரசிதழ் இலங்கையில் வர்த்தமானி. இந்திய வழக்கறிஞர் அங்கே சட்டத்தரணி. இந்தியாவின் வருங்கால வைப்பு நிதி இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி, சிங்கப்பூரில் மத்திய சேமநிதி. இவை பெயர் மட்டும் மாறிய ஒரே திட்டம் அல்ல; பங்களிப்பு விதியும் பணம் எடுக்கும் விதியும் வேறு. "காண்க" என்று ஒன்றையொன்று சுட்டலாம். "ஒருபொருட் பன்மொழி" என்று போடக் கூடாது.

நொத்தாரிசு, அதாவது நோட்டரி, என்ற சொல்லுக்கும் இதே கதைதான். இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை உறுதி (கிரயப் பத்திரம்) நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட்டால்தான் செல்லும். இந்தியாவில் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் நோட்டரி சான்றொப்பம் இடுபவர். அவர் முத்திரை பதித்ததால் கிரயம் முடிந்துவிடாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். "ஆவணங்களுக்குச் சான்றளிப்பவர்" என்ற ஒற்றை வரி இரண்டு நாட்டுக்கும் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் இரண்டு நாட்டிலும் முக்கியமானதை அது விட்டுவிடுகிறது.

எதைப் பார்த்து எழுதுவது

வரிசை இதுதான்: சட்டத்தின் மூலவாசகம், அதன் அரசு மொழிபெயர்ப்பு, நீதிமன்றத் தீர்ப்பு, அரசுக் கலைச்சொல் தொகுதிகள், பாடநூல், கடைசியாக நாளிதழ். நாளிதழ் வழக்கைக் காட்டும், வரையறையைக் காட்டாது. தமிழ்ச் சொல் எது என்பதற்குத் தமிழ்நாட்டு அரசின் ஆட்சிச் சொல் அகராதி, சொற்குவை இணையத்தளம், இலங்கையின் அரசகரும மொழிகள் திணைக்களச் சொற்றொகுதிகள் ஆகியவை உதவும். ஆனால் இவை பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் தரும் பட்டியல்கள். எல்லை எங்கே என்பதைச் சட்டம்தான் சொல்லும். இந்தியாவின் நடுவண் சட்டங்கள் இந்தியா கோட் தளத்தில் பிரிவு வாரியாகக் கிடைக்கின்றன.

சட்டத்தின் வரையறைப் பிரிவைப் படிக்கும்போது ஒரு வினைச்சொல்லைக் கவனியுங்கள். "இன்னது என்று பொருள்" என்றிருந்தால் அந்த வரையறை மூடியது. அதற்கு வெளியே எதுவும் இல்லை. "இன்னதையும் உள்ளடக்கும்" என்றிருந்தால் அது திறந்தது. சொல்லின் வழக்கமான பொருள் இருக்க, அதனுடன் சிலவற்றைச் சேர்க்கிறது. புதியவர்கள் இரண்டாவதை முதலாவதாக எண்ணி, உள்ளடக்கப்பட்டவற்றை மட்டும் பொருளாக எழுதிவிடுவார்கள். அசையாச் சொத்து இதற்குக் கண்கூடான சான்று. 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், நிலம், நிலத்திலிருந்து வரும் பயன்கள், நிலத்தோடு பிணைந்தவை ஆகியவற்றை அது உள்ளடக்கும் என்கிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டமோ வெட்டுமரம், வளர்பயிர், புல் ஆகியவை அசையாச் சொத்தில் சேரா என்று விலக்கு மட்டுமே சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழு உருவம் கிடைக்கும்.

"இச்சட்டத்தின் நோக்கங்களுக்காக" என்ற தொடரும் அப்படியே. அங்கே வரும் வரையறை அந்தச் சட்டத்துக்குள் மட்டுமே செல்லும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 15 வயது நிரம்பாதவர். "குழந்தை: 18 வயதுக்கு உட்பட்டவர் (சட்டம்)" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்தச் சட்டத்தில் என்று எழுதுங்கள்.

சட்டப் பிரிவை மேற்கோளாகத் தந்து விளக்கம் சேர்ப்பதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. தனியார் பதிப்பித்த சட்ட அகராதியின் வாசகத்தை அப்படியே ஒட்டுவது வேறு. அது பதிப்புரிமை மீறல், பக்கமே நீக்கப்படும். பொருளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, வாசகத்துக்கு முடியும். படித்துவிட்டு நூலை மூடி, உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள்.

வரையறையின் எலும்புக்கூடு

சட்டச் சொல்லுக்கு ஐந்து கேள்விகள் போதும். அது என்ன வகை (ஒப்பந்தமா, ஆவணமா, ஆணையா, உரிமையா)? யார் யாருக்கு இடையில்? எதன்மேல்? என்ன நடந்தால் அது உண்டாகும்? எப்போது முடியும்? எல்லாவற்றுக்கும் விடையை ஒரே வாக்கியத்தில் திணிக்க வேண்டாம். முதல் வாக்கியம் வகையையும் வேறுபடுத்தும் கூறையும் சொல்லட்டும். மீதி விளக்கப் பகுதிக்குப் போகட்டும்.

வேறுபடுத்தும் கூறு எது என்று கண்டுபிடிக்க, பக்கத்துச் சொற்களோடு ஒட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. ஈட்டுக் கடன் குடும்பம் இதற்கு நல்ல பயிற்சிக்களம். அடகில் அசையும் பொருள் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 172. நகை அடகு இதுதான். வாகனக் கடனில் வண்டியும் அசையும் பொருளே, ஆனால் அது கடன் வாங்கியவரிடமே ஓடிக்கொண்டிருக்கும், ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் கடன் கொடுத்தவரின் பெயர் ஏறும். இது ஹைப்பாத்திகேஷன், அடகு அல்ல. அடமானம் அசையாச் சொத்தின்மேல் வருவது. அதற்குள்ளும் சாதா அடமானத்தில் சொத்து உரிமையாளரின் கைவசமே இருக்கும். போக்கியத்தில் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும். வங்கி வீட்டுக் கடனில் உரிமை ஆவணங்கள் மட்டும் வங்கிக்குப் போகும். பிரிவு 58 மொத்தம் ஆறு வகை சொல்கிறது. ஆக, இந்தக் குடும்பத்தில் முதன்மையான வேறுபடுத்தும் கூறு இரண்டு: பொருள் அசையுமா, கைவசம் யாரிடம். இவ்விரண்டையும் சொல்லாத வரையறை எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை.

இப்போது தொடக்கத்தில் பார்த்த பதிவு இப்படி ஆகும்:

போக்கியம் (பெயர்ச்சொல்)
1. (சட்டம், இந்தியா) கடனுக்கு ஈடாக அசையாச் சொத்தைக் கடன் கொடுத்தவரின் கைவசம் ஒப்படைத்து, கடன் தீரும்வரை அதன் வாடகை அல்லது விளைச்சலை வட்டிக்காகவோ அசலுக்காகவோ இரண்டுக்குமாகவோ அவர் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் அடமான வகை. ஒத்தி, சுவாதீன அடமானம் என்றும் வழங்கும். சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 58(ஈ).
2. (பேச்சுவழக்கு, தமிழ்நாடு) வீட்டுக்காரரிடம் பெருந்தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல் ஒப்புக்கொண்ட காலம் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு. சென்னையில் லீஸ் என்றும் சொல்வர்.
பயன்பாடு: மேல்மாடியை மூன்று ஆண்டுக்குப் போக்கியத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் பொருளைத் தனியாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. வீட்டு வாசலில் "லீசுக்கு" என்று தொங்கும் பலகை சட்டப்படி குத்தகையா அடமானமா என்பதை அந்தச் சொல் தீர்மானிக்காது. எழுதிய பத்திரத்தின் வாசகம்தான் தீர்மானிக்கும். அகராதி வழக்கைப் பதிவு செய்யலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது.

நீதிமன்றச் சொற்களில் அடிக்கடி வழுக்கும் இடங்கள்

தீர்ப்பும் தீர்ப்பாணையும் ஒன்றல்ல. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் தீர்ப்பு என்பது நீதிபதி தம் முடிவுக்கான காரணங்களை எடுத்துரைப்பது. தீர்ப்பாணை, அதாவது நீதிமன்ற வளாகத்தில் எல்லாரும் "டிகிரி" என்பது, வழக்கின் சிக்கலில் தரப்பினரின் உரிமைகளை முடிவாக நிறுவும் முறைசார் வெளிப்பாடு. நிறைவேற்று மனு போடுவது தீர்ப்பாணைமேல். பாகப்பிரிவினை வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை, இறுதித் தீர்ப்பாணை என்று இரண்டு வரும் என்பதையும் விளக்கத்தில் சேர்த்தால் நன்று.

"எதிரி" என்ற சொல்லுக்கு விரோதி, பகைவன் என்று மட்டும் பொருள் தந்தால் தமிழ்நாட்டுக் குற்ற வழக்கு ஆவணம் ஒன்றும் புரியாது. அங்கே "1-ஆம் எதிரி" என்பவர் குற்றம் சாட்டப்பட்டவர். அவரைக் குற்றவாளி என்று எழுதுவது இன்னும் பெரிய பிழை. தண்டிக்கப்படும்வரை அவர் குற்றவாளி அல்ல. "விடுதலை" என்பதிலும் மூன்று இருக்கின்றன: விசாரணை முடிந்து குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுவது, விசாரணை தொடங்கும் முன்பே வழக்கிலிருந்து விடுவிப்பது, தண்டனைக் காலம் முடிந்து சிறையிலிருந்து அனுப்புவது. தனித்தனி எண்.

"வில்லங்கம்" என்பதில் அன்றாடப் பொருள் தொல்லை. சட்டப் பொருள் சொத்தின்மேல் உள்ள சுமை. வில்லங்கச் சான்றை விளக்கும்போது அது பதிவுத்துறையில் பதிவானவற்றை மட்டுமே காட்டும் என்ற வரம்பைச் சேர்க்க மறக்காதீர்கள். "சொத்தில் சிக்கல் இல்லை என்பதற்கான சான்று" என்று எழுதிவிட்டால் அதை நம்பி ஒருவர் முன்பணம் கொடுத்துவிடக்கூடும்.

சீதனத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு வழக்கில் அது மணப்பெண்ணுக்குத் தரும் சீரையும் வரதட்சணையையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வரதட்சணையோ இந்தியாவில் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் சீதனம் என்பது முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டிய சொத்து) ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் சட்டபூர்வமான சொத்து வகை. 1707-இல் ஒல்லாந்தர் தொகுத்த காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. "சீதனம்: வரதட்சணை" என்ற சமன்பாடு இங்கே ஒரு சட்ட உரிமையைக் குற்றமாக்கிவிடும்.

நிதிச் சொற்களுக்கு எண் இல்லாமல் எழுதாதீர்கள்

நிதிச் சொல்லின் வரையறை சரியா என்பதை ஒரு கணக்குப் போட்டே சோதிக்க முடியும். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் ஒரு சிறு கணக்கு இருக்கட்டும்.

"ரெண்டு வட்டி" என்றால் 2 விழுக்காடு என்று எழுதினால் பாதி விடைதான். நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் என்பதே பொருள். ஆண்டுக்கு 24 விழுக்காடு. 50 பைசா வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு. காலத்தைச் சொல்லாத வட்டி விகிதம் விகிதமே அல்ல. அசல் குறைந்தாலும் குறையாமல் முழுத் தொகைக்கும் கணக்கிடும் வட்டிக்கும், குறையும் நிலுவைக்குக் கணக்கிடும் வட்டிக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட: 1,00,000 ரூபாய், 3 ஆண்டு, முழு அசலுக்கு 10 விழுக்காடு என்றால் வட்டி 30,000, மாதத் தவணை சுமார் 3,611 ரூபாய். குறையும் நிலுவைக் கணக்கில் இதே தவணை ஏறக்குறைய 18 விழுக்காடு வட்டிக்குச் சமம்.

பற்று, வரவு இரண்டிலும் தடுமாறாதவர் குறைவு. வரவு என்றால் வீட்டில் வருமானம். கணக்கியலிலோ அது ஏட்டின் வலப்பக்கம், பற்று இடப்பக்கம், அவ்வளவுதான். கடையில் ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் எழுதுவது பற்று. "பற்று: செலவு, குறைவு" என்பது தவறு. அப்படியானால் வங்கிப் புத்தகத்தில் பற்று வைத்தால் இருப்பு குறைகிறதே என்பார்கள். அது வங்கியின் ஏடு. வாடிக்கையாளரின் வைப்பு வங்கிக்குக் கடன் பொறுப்பு, பொறுப்பு குறைந்தால் பற்று. இந்த இரண்டு வாக்கியங்களும் விளக்கப் பகுதியில் இருந்தால் வணிகவியல் மாணவர்கள் வாழ்த்துவார்கள்.

ஏலச் சீட்டில் வரும் ஈவு, நிறுவனப் பங்கின் ஈவுத்தொகை அல்ல. 20 பேர், மாதம் 5,000, சீட்டுத் தொகை 1,00,000 என்று வையுங்கள். ஒருவர் 20,000 தள்ளி 80,000-க்கு எடுக்கிறார். நடத்துநரின் கழிவு சீட்டுத் தொகையில் 5 விழுக்காடு என்றால், தள்ளுத் தொகையிலிருந்து அந்த 5,000 போக மீதி 15,000 எல்லாருக்கும் பங்காகி ஆளுக்கு 750 வரும். இலாபத்திலிருந்து வருவது ஈவுத்தொகை, தள்ளிலிருந்து வருவது சீட்டின் ஈவு. நடத்துநர் கழிவின் உச்சவரம்பு 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 5 விழுக்காடாக இருந்து 2019 திருத்தத்தில் 7 ஆனது. ஆகவே மாறக்கூடிய இத்தகைய எண்களை வரையறை வாக்கியத்தில் வைக்காமல், ஆண்டோடு விளக்கத்தில் வையுங்கள்.

பழைய சட்டம் போனால் சொல்லும் போகுமா?

போகாது. 2024 சூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது; ஏமாற்றுக் குற்றம் பிரிவு 420-இலிருந்து 318-க்கு நகர்ந்தது. ஆனால் ஊரில் "ஃபோர் ட்வென்டி" இன்னும் மோசடிக்காரர்தான், அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களின் வழக்குகளும் பழைய எண்ணிலேயே நடக்கின்றன. பழைய எண்ணை அழிக்காமல், "2024 சூன் 30 வரை" என்று காலம் குறித்துப் புதியதைப் பக்கத்தில் சேருங்கள். வருமான வரியிலும் அப்படியே: 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மதிப்பீட்டு ஆண்டு, முந்தைய ஆண்டு ஆகிய இரட்டைச் சொற்களுக்குப் பதில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வரி ஆண்டு என்ற ஒரே சொல்லைக் கொண்டுவருகிறது. பழைய நோட்டீசுகள் பல ஆண்டுகளுக்குப் புழங்கும். அவற்றைப் படிப்பவருக்குப் பழைய பதிவு தேவை.

கிரயம், ஜப்தி, வக்காலத்து போன்ற சொற்களைத் தமிழல்ல என்று நீக்கி, விற்பனை, பறிமுதல் என்று மாற்றும் ஆர்வலர்களும் வருவார்கள். பத்திரத்தில் கிரயம் என்று இருக்கும்வரை அகராதியில் கிரயம் இருக்க வேண்டும். தூயதமிழ்ச் சொல்லுக்குத் தனிப்பக்கம் திறந்து "காண்க" இணைப்புக் கொடுப்பதே முறை.

சேமிக்கும் முன்

முன்தோற்றம் பாருங்கள். எண் வரிசை குலைந்திருந்தால் இடையில் வெற்று வரி விழுந்திருக்கும். வரையறையிலிருந்து தலைச்சொல்லை மறைத்துவிட்டு அந்தத் துறை தெரிந்த ஒருவர் படித்தால் எந்தச் சொல் என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்குப் பொருந்தினால் வேறுபடுத்தும் கூறு விடுபட்டிருக்கிறது. "செய்யலாம்", "செய்ய வேண்டும்" இரண்டையும் சட்ட வாசகத்தோடு ஒப்பிடுங்கள். விருப்புரிமையும் கட்டாயமும் அங்கேதான் இடம் மாறுகின்றன. "எனவே உடனே வழக்கறிஞரை அணுகவும்" போன்ற அறிவுரைகளை வெட்டிவிடுங்கள்.

தொகுப்புச் சுருக்கத்தில் "பொருள் 2 சேர்ப்பு, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 172 படி" என்பதுபோல ஆதாரத்தையும் எழுதினால் பின்னால் வருபவர் காரணம் தெரியாமல் மாற்ற மாட்டார். யாரேனும் மாற்றிவிட்டால் மீண்டும் மீண்டும் மீளமைத்துக்கொண்டிருக்காமல் பேச்சுப் பக்கத்தில் பிரிவின் வாசகத்தை இட்டுக் கேளுங்கள். பாதிச் சண்டைகள் இருவரும் வேறு வேறு நாட்டுச் சட்டத்தை மனத்தில் வைத்துப் பேசியதால் வந்தவையாக இருக்கும், இரண்டு எண்களாகப் பிரித்தால் தீரும். எழுதிய பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்து வையுங்கள். வரிச் சொற்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருமுறை பார்த்தால் போதும். இந்திய நிதிச் சட்டத் திருத்தங்களில் பெரும்பாலானவை அப்போதுதான் நடைமுறைக்கு வரும்.